முழுப் பரீட்சை லீவில் செர்ரிப் பூ பார்க்க

திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்த பிறகுதான் டோக்கியோவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு டிக்கெட் போடுவார்கள். அதற்குள் அங்கே செர்ரிப் பூ கொட்டி முடிந்திருக்கும். மார்ச் கடைசியில் மலர்ந்தால் ஒரு வாரம், பத்து நாள்தான். நம்மூர் சரக்கொன்றை மாதிரி நிற்காது.

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஏறி வடக்கே அமோரி பக்கம் ஹிரோசாகி பூங்காவுக்குப் போங்கள். சுமார் 2,600 மரங்கள். பருவம் ஏப்ரல் பிற்பாதி. குளிர் சீக்கிரம் விட்ட வருடம் இன்னும் முந்தும், அதனால் பூ முன்னறிவிப்பைப் பார்த்தே கிளம்புங்கள். உதிரும் நாளில் போனாலும் சரி, பூங்காவுக்குள் இருக்கும் கோட்டை அகழியில் தண்ணீரே தெரியாமல் இதழ் மூடிக் கிடக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஸ்வெட்டர் கட்டாயம். புளியோதரை கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் விரிப்பு போட்டுச் சாப்பிடலாம், செருப்பு விரிப்புக்கு வெளியே. அப்புறம், குப்பைக்கு ஒரு கவர்.