உங்கள் பிரதேச சபை ‘ஸ்மார்ட்’ ஆகத் தயாரா? எரியாத ஒரு மின்குமிழை வைத்துப் பாருங்கள்

சபைக்குப் புதிதாக வந்த உறுப்பினர்கள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது இதுதான்: “அக்கா, எங்கட சபைக்கும் ஸ்மார்ட் திட்டம், செயலி, இணையவழிக் கட்டணம் மாதிரி, ஏதும் கொண்டுவரலாமோ?” பதினேழு வருடமாக வட இலங்கையின் வன்னியில் பிரதேச சபை வேலை பார்க்கிறேன். அதில் பாதி வருமானப் பிரிவில், மிச்சம் முறைப்பாட்டு மேசையில். கொண்டுவரலாம், ஏன் முடியாது? ஆனால் விற்க வருபவரைக் கூப்பிட முன் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

எரியாத வீதி விளக்கு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதிகம் தேட வேண்டியிருக்காது. ஊரவர் ஒருவர் முறையிட்ட நாளிலிருந்து குமிழ் மாற்றிய நாள் வரை, கொப்பியும் பேனையுமாக அந்த முறைப்பாட்டின் பின்னால் போங்கள். தொலைபேசியை எடுத்தவர் யார், எந்தப் பதிவேட்டில் எழுதினார், ஏணி எங்கே கிடந்தது, எல்லாவற்றையும் குறியுங்கள். என் மேசைக்கு ஒருமுறை இப்படி வந்தது: “அம்மன் கோயிலடி, வேப்பமரத்துக்குக் கிட்ட, மூண்டாவது போஸ்ட்.” எங்கள் எல்லைக்குள் அம்மன் கோயில் ஐந்து. மின்னியலாளர் உழவு இயந்திரத்தில் ஏணியைக் கட்டிக்கொண்டு இரண்டு கோயிலுக்குப் போனார். மூன்றாவதற்கு டீசல் காணாது என்று திரும்பிவிட்டார். இதே முறைப்பாட்டைச் செயலியில் போட்டாலும் அதே வேப்பமரம்தான் வந்து நிற்கும். ஆகவே முதல் வேலை கம்பங்களுக்கு எண் இடுவது. கம்பம் மின்சாரம் விநியோகிப்பவர்களுடையது, விளக்கு மட்டுமே நம்முடையது. பெயின்ட் அடிக்க முன் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எண்ணோடு அமைவிடத்தையும் பதிய ஒரு போனும் மோட்டார் சைக்கிளும் போதும்.

கம்பம் யாருடையது என்று கேட்டதுபோல எல்லாவற்றுக்கும் கேளுங்கள். ஏ-9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்த நாட்களை நினைத்து, நீர்மட்டம் காட்டும் கருவி பூட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் கதவு நம் கையில் இல்லை.

சரி, அடுத்து கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். வரிப் பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் புதிய மென்பொருளுக்குள் போனதும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கொட்டும். இப்போதைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன; மாற்றிய பிறகு பெயர் பெயராக ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் உண்மையான சிக்கல் தெரியும். குடியேற்றத் திட்டக் காணியின் அனுமதிப்பத்திரம் இன்னும் அப்பப்பாவின் பெயரில் இருக்கும். அவர் காலமாகி இருபது வருடம். மூத்த மகன் கனடாவில், இளையவரைப் பற்றிப் போருக்குப் பிறகு தகவலே இல்லை. சைக்கிளில் வந்து வரி கட்டுவது பேத்தி. வரியை நினைவூட்டும் குறுஞ்செய்தி யாருடைய போனுக்குப் போவது? நாங்கள் பட்டியலில் ‘கட்ட வருபவர்’ என்று ஒரு நிரல் கூட்டினோம். எந்த மென்பொருளையும்விட அது உதவியது. ஆனால் தொலைபேசி இலக்கம் சேர்த்தால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இணையவழியில் பணம் கட்ட வைப்பதென்றால், தனியாக ஒரு முறையை வாங்க முன் 2025 பெப்ரவரியில் அரசாங்கம் தொடங்கிய கவ்பே-யில், அதாவது அரச கட்டணங்களை இணையவழியில் செலுத்தும் தளத்தில், சேர முடியுமா என்று விசாரியுங்கள்.

ஆளணிக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் முறைப்பாட்டுச் செயலி ஒன்றைத் தேங்காய் உடைத்துத் தொடங்கினார்கள். தொடங்கி எட்டாவது மாதத்தில் அதைப் பார்த்துவந்த தம்பி வருடாந்த இடமாற்றத்தில் போனார். கணக்கு அவருடைய சொந்த ஜிமெயிலில். கடவுச்சொல் கேட்டு அவருக்கு அழைப்பு எடுத்தபோது, “அக்கா, அந்த போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது” என்றார். அப்புறம் அந்தச் செயலியை யாரும் திறக்கவில்லை. கணக்கு எப்போதும் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் மூடிய உறையில் செயலாளரின் அலுமாரியில். உறுப்பினரை நம்பியும் இருக்க முடியாது: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பின், 2025 மே 6 தேர்தல் நடந்து புதியவர்கள் வரும்வரை செயலாளர்கள்தான் நடத்தினார்கள்.

ஐப்பசி இடிமின்னலையும் மறக்க வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் ஒரே மாலையில் ரவுட்டரும் சிசிடிவி பெட்டியும் கருகின. நிலத்தொடுப்பும் மின்னல் காப்பும் விலைமனுவில் தனி வரியாக வர வேண்டும். மூன்று வருடப் பராமரிப்புக்குப் பாதீட்டில் எந்தத் தலைப்பில் காசு என்று கணக்காளரிடம் கேளுங்கள். அவர் முகட்டைப் பார்த்தால் திட்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

கோயம்புத்தூர் போய்வந்தவர்கள் அங்குள்ளதைக் காட்டுவார்கள். இந்தியா 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் நகரத் திட்டத்தில் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11, அவை மாநகராட்சிகள். நமக்கு உழவு இயந்திரமும் ஒரு ஏணியும்.

கடைசியாக, செய்முறைக் காட்சியைப் பிரதான அலுவலகத்தில் வைக்க விடாதீர்கள். ஆகத் தொலைவான வட்டாரத்து உப அலுவலகத்துக்கு விற்பனையாளரைக் கூட்டிப்போய், உறுப்பினர் ஒருவரின் சாதாரண போனில் திறக்கச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தவர் சிக்னல் தேடிக் குளக்கட்டு வரை நடந்தார். இணையம் இல்லாதபோதும் முறைப்பாட்டைச் சேமித்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அன்றைக்கே விலைமனுவில் சேர்த்தோம்.