4294967297: பகா எண் போலத் தோன்றும் எண்ணில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதாவது 2³² + 1. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்களை வைத்து, ஒன்றைக் கூட்டிக் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் இது ஐந்தாவது. இதற்கு முந்தைய 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். ஆகவே இதுவும் பகா எண்ணே என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். ஃபெர்மாவே தடுக்கி விழுந்த இடம் இது. ஐந்து முறை பொருந்தியதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பலரும் செய்யும் அடுத்த தவறு, எண்ணின் அமைப்பைப் பார்க்காமல் 3, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவது. இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வந்தே தீரும் என்று கண்டார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை!

641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்கக் கால்குலேட்டரும் வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம். இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 = 625 + 16; ஆகையால் 625-க்குப் பதிலாக −16 போடலாம். −16 × 2²⁸ என்பது −2³². அதன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்ஜியம். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அலுக்காத கணக்கு இது.

ஓர் எண் n பகா எண் என்றால், அதனால் வகுபடாத அடிமானத்தை n − 1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும்; இதுவே ஃபெர்மா சோதனை. 2-ஐ அடிமானமாக வைத்து இதைச் செய்துவிட்டு நின்றுவிடுவதும் தவறு. எந்த ஃபெர்மா எண்ணும், பகா எண்ணோ இல்லையோ, அந்தச் சோதனையில் தேறிவிடும். 3-ஐ வைத்துச் சோதித்தால் இந்த எண்ணின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: 32 பிட் குறியில்லா முழு எண்ணில் (எதிர்ம எண்களுக்கு இடம் தராத வகை) அதிகபட்சம் 4294967295 வரைதான் கொள்ளும். அதில் 2³² + 1-ஐ இட்டால் 1 என்றே நிற்கும்.

65537-க்கு மேல் ஃபெர்மா பகா எண்ணே கிடையாது என்றும் சிலர் எழுதுகிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை என்பதே உண்மை. இல்லவே இல்லை என்று எவரும் நிறுவவில்லை.