கண் திறந்த பிறகும் இறங்காத சக்தி: சாதகர்களும் வீட்டாரும் செய்யும் தவறுகள்

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் ராமேஸ்வரத்துக்கும் சேதுக்கரைக்கும் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களோடு, குண்டலினி, வாசியோகம் என்று மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்கிற சாதகர்களும் வருவார்கள். பட்டினி, தூக்கமில்லாத ராத்திரி, தனுஷ்கோடி வெயில், அதற்கு மேல் மணிக்கணக்கில் கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்தும் பயிற்சி. இவை ஒவ்வொன்றுமே தனியாக ஆளைக் கலக்கக்கூடியவை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடுக்குவதுதான் முதல் தவறு.

துருத்தி போல மூச்சை இழுத்து விடும் பஸ்திரிகாவை வேகமாகச் சில நிமிடம் செய்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று வரும். தலை லேசாகும். சிலருக்குக் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி இறுகிக்கொள்ளும். 'சக்தி ஏறுது' என்று பலர் சொல்வது இதைத்தான். மூச்சை அளவுக்கு மீறி வெளியேற்றியதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நரம்புகளுக்கு வேண்டிய கால்சியமும் அந்த நேரத்துக்குக் குறைகிறது. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கினால் பயமில்லை. அதையே பலன் என்று நம்பித் தினமும் வரவழைக்கக் கூடாது.

சங்கு குளிக்கிறவர்களும் பாசி எடுக்கப் போகும் பெண்களும் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மூழ்குவதற்கு முன் வேகமூச்சு கூடவே கூடாது. 'மூச்சு வாங்கு' என்று உடம்பை உந்துவது கார்பன் டை ஆக்சைடுதான். அதை முன்கூட்டியே குறைத்துவிட்டால் தவிப்பே வராமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள். இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்று கும்பகம் செய்வதும் இதே ஆபத்துதான்.

திருமந்திரம் சொல்லும் 16 இழுத்து, 64 நிறுத்தி, 32 விடும் கணக்கை வீடியோ பார்த்து முதல் வாரமே பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. தொடங்குகிறவருக்கு 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டாலே போதும், கும்பகம் வேண்டாம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய அடையாளம் தூக்கம். 'மூணு மணி நேரம் தூங்கினாப் போதும், களைப்பே இல்லை' என்று ஒருவர் பூரிப்போடு சொன்னால் அதை யோக சித்தி என்று கொண்டாடாதீர்கள். கூடவே பேச்சு வேகமெடுக்கிறதா, காசு தண்ணீராய்ச் செலவாகிறதா, தனக்கு மட்டும் உத்தரவு வந்திருக்கிறது என்கிறாரா என்று பாருங்கள். மனஎழுச்சி நோய் (மேனியா) பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். தொடர்ந்து இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் அன்றே பயிற்சியை நிறுத்த வேண்டும்.

'சாமி வந்திருக்கு' என்று வீட்டார் விட்டுவிடுவது இன்னொரு தவறு. கோயில் கொடை விழாவில் வரும் சாமிக்கு நேரம் உண்டு, இடம் உண்டு. திருநீறு பூசினால் மலையேறிவிடும், ஆள் மறுநாள் கடலுக்குப் போவார். மலையேறாமல் நாள் கணக்கில் நீண்டால், உடம்பு உதறுவதை அவராலேயே நிறுத்த முடியாவிட்டால், காதில் குரல் கேட்டால், தன் உடம்பே தனதில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

'இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்' என்பதுதான் அதிகம் கெடுக்கிறது. தலைபாரத்துக்கு முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்தில் கவனம் வைத்து இறக்கும் வழக்கம் உண்டு. லேசான பாரத்துக்கு அது சரி. தூக்கம் போன பிறகு அதுவும் வேண்டாம், அதுவும் தியானம்தானே! எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விரதத்தை முடித்து, உப்புப் போட்ட கஞ்சியில் தொடங்கி மூன்று வேளையும் சாப்பாடு. காபி வேண்டாம். வலை சரிபார்ப்பது, தண்ணீர் தூக்குவது என்று கண் திறந்து செய்யும் வேலை நல்லது. தனியாகக் கடலுக்கு அனுப்பாதீர்கள். தூக்கம் சில வாரம் ஒழுங்காக நின்றபின், பத்து நிமிடம், கும்பகம் இல்லாமல் தொடங்கலாம். மனநோய் வந்திருந்தால் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தியானம் கைகூடியது என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மனஎழுச்சி நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பில்லா விரதம் இருக்கவே கூடாது. உப்பும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். இந்தக் கரை வியர்வையில் இன்னும் சீக்கிரம் ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவது குற்றம். தர்காவுக்கோ கோயிலுக்கோ வேண்டிக்கொள்ளுங்கள், மருந்தையும் விடாதீர்கள். சாக வேண்டும் என்றோ, குரல் ஏதாவது செய்யச் சொல்கிறது என்றோ சொன்னால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பேசி யோசனை கேட்க அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது எந்தப் பயிற்சி, தினம் எத்தனை நிமிடம், எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன விரதம், என்ன லேகியம் என்று எழுதிக்கொண்டு போங்கள். கஞ்சா இழுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் போலீஸ் இல்லை, மருந்தின் அளவை முடிவு செய்ய அது அவருக்குத் தெரிய வேண்டும்.