காவலில் அடித்தார்களா? முதலில் சாட்சியத்தைக் காப்பாற்றுங்கள்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ஸ்டேஷனில் அடித்திருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். போலீஸ் பக்கத்தில் நிற்கும் பயத்தில் பலர் "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் அந்த ஒரு வரியே வழக்கைக் கவிழ்க்கும். யார், எப்போது, எதைக் கொண்டு அடித்தார் என்று சொல்லி, காயத்தைக் காட்டி, ரிமாண்ட் உத்தரவில் (காவலில் வைக்கச் சொல்லும் உத்தரவில்) பதியச் சொல்லுங்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 53-ஆம் பிரிவின்படி, கைதானவரைப் பரிசோதிக்கும் டாக்டர் காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் எழுத வேண்டும். நகல் கைதானவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ தரப்பட வேண்டும். உள்ளங்காலில் விழுந்த லத்தியடி நின்றபடி பார்த்தால் தெரியாது. படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'வழுக்கி விழுந்தார்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தால், வேறு டாக்டரிடம் மறுபரிசோதனை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுங்கள்.

ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவு. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அதே ஆண்டு, அந்த உத்தரவுக்குச் சில மாதம் முன்பு, தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி எஸ்.பி.க்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு) அன்றே தபாலில் மனு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்துப் புகார், பிறகு பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. வாக்குமூலத்துக்காக அடித்தது, தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 120-ஆம் பிரிவில் வரும்: 7 ஆண்டு வரை சிறை, கொடுங்காயமானால் 10. மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போய்விடுங்கள்.