ஸ்கைரிமில் மூட்டை தூக்காமல் பொருள் சேர்ப்பது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் பழைய வீடுகளிலிருந்து வரும் சாமான்களைத் தரம் பிரிப்பது, ராத்திரி ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அதே வேலை. பொங்கல் லீவுக்கு வந்த அக்கா மகன் ஆட ஆரம்பித்த இரண்டாம் நாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, என் ஆளு ஓடவே மாட்டேங்கிறான்." பையைத் திறந்து பார்த்தால் மரத்தட்டு பதினெட்டு, வாளி ஆறு, ஒரு விளக்குமாறு வேறு.

ஆரம்பத்தில் நம் ஆள் சுமக்க முடிவது 300 எடைதான். லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை, அதாவது உடல் தெம்பைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 5 கூடும். சுமை அதைத் தாண்டினால் நடைதான், ஓட்டம் கிடையாது.

எங்கள் கடையில் அண்டா, குண்டா வந்தால் நேரே தராசுக்குப் போகும். மரவையோ எனாமல் தூக்கோ வந்தால் முதலாளி தராசுப் பக்கமே போகமாட்டார், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துதான் விலை சொல்வார். விளையாட்டிலும் அப்படிப் பழகிக்கொள்ளுங்கள். விற்பதற்காக எடுக்கும் எதையும் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். பத்துக்குக் கீழே வந்தால் நான் தொடுவதில்லை.

எல்லோரும் ஏமாறும் இடம் ட்வெமர் என்ற பழைய இனத்தார் விட்டுப்போன இடிபாடுகள். எங்கு பார்த்தாலும் பித்தளை மாதிரி மின்னும், தொழில் தோஷம், என் கை தானாகப் போகும். ஆனால் 25 எடையுள்ள சாலிட் ட்வெமர் மெட்டலை உருக்கினால் கிடைப்பது 5 இங்காட், அதாவது உலோகப் பாளம். நெளிந்து கிடக்கும் பென்ட் ட்வெமர் ஸ்க்ராப் வெறும் 2 எடைதான், அதிலேயே 3 இங்காட் வந்துவிடும். ஆகவே கட்டியை விட்டுவிட்டு நெளிசலை அள்ளுங்கள். பல்சக்கரம் உருகாது, ஒவ்வொன்றும் 10 எடை. விண்டர்ஹோல்ட் மந்திரவாதிகள் கல்லூரியில் ஆர்னியல் என்பவர் 10 சக்கரம் கேட்பார், அவருக்கென்று எடுத்தால் சரி. டிராகன் எலும்பு 15, செதில் 10. அதையெல்லாம் கூட வரும் துணையாள் லிடியாவிடம் கொடுங்கள், முனகிக்கொண்டே சுமப்பாள்.

மூலிகைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். கோதுமை, நீல மலைப்பூ, பட்டாம்பூச்சி இறக்கை எல்லாம் 0.1தான், கண்ணில் பட்டதைப் பறித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு குணம் உண்டு, பச்சையாகத் தின்றால் முதல் குணம் மட்டும் தெரியும். ஒரே குணமுள்ள இரண்டு பொருளைச் சேர்த்தால்தான் மருந்து. கோதுமையையும் நீல மலைப்பூவையும் சேர்த்தால் உயிர் ஏறும் மருந்து கிடைக்கும், முதல் நாளிலேயே செய்யலாம். அதே கோதுமையோடு ராட்சதனின் கால்விரலைச் சேர்த்தால் வரும் மருந்துக்கு நல்ல விலை. விரலைக் க்ரீப் க்ளஸ்டர் என்ற செடியோடு சேர்த்தால் கொஞ்ச நேரத்துக்குச் சுமக்கும் அளவு கூடும், கனமான சாமானோடு வீடு திரும்பும்போது அதுதான் கைகொடுக்கும். ராட்சதனை அடித்து விரல் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாப்பிள்ளை அதில் ஒன்றை "என்ன குணம்னு பார்த்தேன் மாமா" என்று தின்றே தீர்த்துவிட்டான். தெரிந்துகொண்டது, ஸ்டாமினா குறையும் என்பது.

எங்கே வைப்பது என்பதில் நானே ஒருமுறை அடிபட்டேன். நாற்பது நிர்ன்ரூட் சேர்த்திருந்தேன். பக்கத்தில் போனாலே ரீங்காரம் கேட்கும் செடி அது, தேடித் தேடிப் பறித்தது. ரிவர்வுட் கிராமத்தில் கண்ணில் பட்ட பீப்பாயில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனேன். திரும்பி வந்தால் பீப்பாயில் ரெண்டு முட்டைக்கோஸ் கிடந்தது. பொதுவில் இருக்கும் பெட்டி, பீப்பாய் பெரும்பாலும் விளையாட்டுக் கணக்கில் 10 நாள் கழிந்தால் புதுசாகிவிடும், உள்ளே நாம் வைத்தது போய்விடும். சொந்த வீட்டுப் பெட்டிக்கு அந்தப் பயமில்லை. வைட்ரன் நகரத்தில் ப்ரீஸ்ஹோம் என்ற வீடு 5000 காசு, முதல் செலவாக அதைச் செய்யுங்கள். அப்புறம் அப்பத்தா சாமான் அறையில் புளிக்கு ஒரு கொட்டான், மிளகாய்க்கு ஒரு கொட்டான் என்று வைத்திருந்த மாதிரி, மூலிகைக்கு ஒரு பெட்டி, உலோகத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்துப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வினோதப் பொருள். பெட்டிக்குள் பளபளவென்று ஒரு கல், பெயர் 'அன்யூஷுவல் ஜெம்'. எடுத்தால் எடுத்ததுதான், கீழே வைக்கவும் முடியாது, பெட்டியில் போடவும் முடியாது. மொத்தம் 24 கல், ஒவ்வொன்றும் 0.5 எடை. வைட்ரனில் மட்டும் 3 இருக்கிறது, ஒன்று அந்த ஊரை ஆளும் ஜார்லின் அறையிலேயே. அத்தனையும் தேடும் பொறுமை இல்லையென்றால் முதல் கல்லைத் தொடாதீர்கள். நான் இதைச் சொல்வதற்குள் மாப்பிள்ளை ரெண்டு எடுத்துவிட்டான். மீதி 22க்காக இப்போது வீடு வீடாகப் பூட்டு உடைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.