"எலும்பு தட்டுச்சா?": கீழ்த்தாடை ஊசியில் நாம் செய்யும் தவறுகள்

மதியம் ஒரு மணி, ஓ.பி. முடியும் நேரம். ஹவுஸ் சர்ஜன் ஒருவர் கையுறையோடு வந்து நிற்கிறார்.

"சார், ரெண்டு தடவை பிளாக் போட்டுட்டேன். இன்னும் வலிக்குதுங்கிறாங்க."

"எலும்பு தட்டுச்சா?"

"தட்டின மாதிரி இருந்துச்சு சார்."

அந்த "மாதிரி"யில்தான் கோளாறு. கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கவோ வேர் சிகிச்சை செய்யவோ போடும் மரக்க வைக்கிற ஊசி, அதாவது பிளாக், பலிக்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பாதிப் பேர் மருந்தையும் அது வரும் வயல் என்ற குப்பியையும் குறை சொல்வார்கள். "புது வயல் சார், பவர் இல்ல போல." அந்த மருந்தான லிக்னோகெய்னை 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் தயாரித்தார், 1948-ல் விற்பனைக்கு வந்தது. இத்தனை வருடம் உலகம் முழுக்க வேலை செய்த மருந்து நம் நாற்காலியில் மட்டும் அடம் பிடிக்காது. சாளரத்து வெயிலில் வயலை வைத்திருந்தால் மருந்தோடு சேர்த்திருக்கும் அட்ரினலின் கெடும், அது உண்மை. ஆனால் பெரும்பாலும் மருந்து நன்றாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

மேல்தாடை எலும்பு மெல்லியது, துளைகள் நிறைந்தது. பல்லுக்கு மேலே ஈறோரம் மருந்தை விட்டால் ஊறி உள்ளே போய்விடும். கீழ்க் கடைவாய்ப் பக்கம் எலும்பு கெட்டி, அங்கே ஊறாது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே அதைப் பிடிக்க வேண்டும். கடைவாய்க்குப் பின்னால் காதை நோக்கி மேலேறும் எலும்புத் தகட்டின் உள்பக்கம் ஒரு துளை இருக்கிறது. நரம்பு அதன் வழியாகத்தான் தாடைக்குள் இறங்குகிறது. அந்தத் துளைக்குச் சற்று மேலே மருந்து தேங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்துக்கு நமக்கு இருக்கும் ஒரே வழிகாட்டி ஊசி முனையில் தட்டுப்படும் எலும்புதான்.

சரி, அன்றைக்கு அந்த அம்மாவிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும்.

"உதடு எப்படிம்மா இருக்கு? தடிச்ச மாதிரி, மதமதன்னு இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். நாக்குதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு."

நாக்கு மரத்திருக்கிறது, உதடு மரக்கவில்லை. நாக்கு நரம்பு முன்னாலேயே, மேலாகவே ஓடுகிறது. வழியில் கசிந்த மருந்து அதைப் பிடித்திருக்கிறது. பல்லுக்கும் கீழுதட்டுக்கும் போகும் நரம்பு இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டு தடவையும் ஊசி போதுமான ஆழம் போகவில்லை, அல்லது கீழே இறங்கிவிட்டது.

இங்கேதான் இளையவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். பாதி திறந்த வாயில் அளவு எல்லாம் மாறிவிடும். தகட்டின் முன் ஓரத்தில் அதிகம் குழிந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பிடியுங்கள், அதுதான் உயரத்துக்கு அடையாளம். கடைவாய்க்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு தெரியும். அதற்கும் உங்கள் விரலுக்கும் நடுவே, கீழ்ப்பல் கடிக்கும் மட்டத்திலிருந்து 6 முதல் 10 மி.மீ. மேலே ஊசி நுழைய வேண்டும். சிரிஞ்சின் உடல் எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்கள் மேல் கிடக்கட்டும். வளர்ந்தவர்களுக்கு 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்டும்.

நீள ஊசியில் பாதிகூடப் போகாமல் எலும்பு தட்டினால் முனை ரொம்ப முன்னால் இருக்கிறது. ஊசியை முழுதும் வெளியே எடுக்க வேண்டாம். கொஞ்சம் பின்னால் இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கோரைப்பல் பக்கமாக, அதாவது வாயின் முன்புறம் நகர்த்தி மறுபடி செலுத்துங்கள். மாறாக, ஆழம் முழுக்கப் போயும் எதுவும் தட்டவில்லை என்றால் முனை பின்னால் நழுவிவிட்டது. முக்கால்வாசி வெளியே இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கடைவாய் மேல் கொண்டுபோய் மறுபடி பாருங்கள். எதற்காகவும் எலும்பு தட்டாமல் மருந்தை விடாதீர்கள்.

விட்டால் என்ன ஆகும்? அந்தத் தகட்டுக்குப் பின்னால் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது, அதற்குள் முகத்தசைகளை அசைக்கும் நரம்பு. மருந்து அங்கே போனால் சில நிமிடத்தில் அந்தப் பக்கக் கண் மூடாது, வாய் கோணும். பக்கவாதம் வந்துவிட்டது என்று கூட வந்தவர்கள் அலறுவார்கள். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும், ஆனால் அதுவரை கண்ணை மூடிக் கட்டிப் பாதுகாக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு பல் மட்டும் மரத்திருக்காது.

நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பல கிளினிக்குகளில் மருந்துக் குழலை அப்படியே பொருத்தும் கார்ட்ரிட்ஜ் சிரிஞ்ச் கிடையாது. 30 மி.லி. வயல், 2 மி.லி. டிஸ்போசபிள் சிரிஞ்ச், அதோடு வரும் ஒரு அங்குல ஊசி, அவ்வளவுதான். ஒரு அங்குலம் என்றால் 25 மி.மீ. கொஞ்சம் பெரிய உடம்புக்காரருக்கு அது அடிவரை புதைந்தால்தான் எலும்பு தட்டும். அடிவரை புதைக்கவே கூடாது. ஊசி ஒடிந்தால் பெரும்பாலும் அடியில்தான் ஒடியும், முழுதும் புதைந்திருந்தால் பிடித்து இழுக்க நுனிகூட வெளியே மிஞ்சாது. ஒன்றரை அங்குல ஊசி தனியாக வாங்கி வையுங்கள். "வளைச்சுப் போட்டா ஈஸியா போகும்" என்று சீனியர் யாராவது கற்றுத் தந்திருந்தால் மறந்துவிடுங்கள். வளைத்த ஊசி ஒடியக் காத்திருக்கிற ஊசி. அப்புறம், வயலின் ரப்பர் மூடியைத் துளைத்த அதே ஊசியை வாயில் போடாதீர்கள், முனை மழுங்கியிருக்கும். மருந்து இழுக்க ஒரு ஊசி, போட இன்னொரு ஊசி. எலும்பில் பலமாக முட்டிய ஊசியின் முனையும் கொக்கி போல மடங்கும். மறுபடி குத்த வேண்டி வந்தால் மாற்றுங்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை ஊசியை மட்டும் மாற்றி மறுபடி வயலுக்குள் விடுவது பெரிய குற்றம். அடுத்த பத்து நோயாளிகள் அந்த வயலிலிருந்துதான் மருந்து வாங்கப் போகிறார்கள்.

எலும்பு தட்டியாயிற்று. ஒரு மில்லிமீட்டர் பின்னால் இழுத்து, பிஸ்டனை லேசாக இழுத்துப் பாருங்கள். ரத்தம் வருகிறதா? இந்த பிளாக்கில் 100-க்கு 10 முதல் 15 தடவை வரும் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. டிஸ்போசபிள் சிரிஞ்சில் ஒற்றைக் கையால் பிஸ்டனை இழுத்தால் முனை உள்ளே நகர்ந்துவிடும், அதனால்தான் நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. மறு கை விரலால் சிரிஞ்சின் உடலைத் தாங்கிக்கொண்டு இழுங்கள், நாலு நாளில் பழகிவிடும். ரத்தக் குழாய்க்குள் மருந்து நேராகப் போனால் நெஞ்சு படபடக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும், காது இரையும். அளவு கூடினால் வலிப்பு வரை போகும்.

அவசரம் இன்னொரு பெரிய தவறு. ஒரு மி.லி. மருந்துக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. எல்லோரும் "மெதுவாத்தான் சார் போட்டேன்" என்பார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் சிரிஞ்சே பதினைந்து நொடியில் காலியாகியிருக்கும். வேகமாகத் தள்ளினால் திசு கிழிகிற மாதிரி வலிக்கும், மருந்தும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பரவி ஓடும். போட்டு முடித்ததும் உடனே கருவியால் குத்திப் பார்ப்பது அடுத்த பாவம். மூன்று முதல் ஐந்து நிமிடமாவது கொடுங்கள். அந்த நேரத்தில் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போகாதீர்கள். எதிர்விளைவு வருவதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

அந்த அம்மாவுக்கு மூன்றாவது ஊசியை ஹவுஸ் சர்ஜனையே போடச் சொன்னேன். பெருவிரலை மட்டும் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தேன். இந்தத் தடவை எலும்பு தட்டியது அவர் முகத்திலேயே தெரிந்தது. நாலாவது நிமிடம் அம்மா கீழுதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் யாரோ உதட்டத் தூக்கிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார்.

உதடு நன்றாக மரத்தும் பல் வலித்தால் அது வேறு கதை. பல்லை எடுக்கும்போது கன்னப்பக்க ஈறு மட்டும் சுளீர் என்றால், அந்த ஈறுக்குத் தனி நரம்பு இருக்கிறது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் போட வேண்டும். இதை மறந்துவிட்டு முழு பிளாக்கையும் மறுபடி போடுகிறவர்கள் உண்டு. முன்பற்களில் வலித்தால் எதிர்ப்பக்க நரம்பு நடுக்கோட்டைத் தாண்டி வந்திருக்கலாம், பல்லுக்கு எதிரே ஈறோரம் ஒரு துளி போதும்.

ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் துடித்த பல் என்றால் இன்னும் கடினம். "வீங்கியிருந்தா ஊசி ஏறாது" என்று நம் பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லிக்னோகெய்ன் நரம்பின் உறையைத் தாண்ட மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சாதாரணத் திசுவில் அதன் கால்பங்கு அந்த வடிவில் இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடி, பி.எச். 6 அளவுக்கு இறங்கினால் 100-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் வீக்கத்துக்குள்ளேயே ஊசி போடுவது வீண். கிருமியை ஆழத்துக்குத் தள்ளுவதும் நடக்கலாம். தொலைவிலிருந்து பிளாக் போடலாம். ஆனால் பல் நரம்பே கொதித்துப் போயிருந்தால் சரியாகப் போட்ட பிளாக்கும் தோற்கும். அப்போது அதே இடத்தில் நாலாவது, ஐந்தாவது ஊசி போடுவதில் பயனில்லை. தாடைத் தசை இறுகி, ஒரு வாரம் வாய் திறக்காமல் போவதுதான் மிச்சம். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் போடுவது, கன்னப்பக்கம் ஆர்ட்டிகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தைச் சேர்ப்பது, கடைசியாகப் பல்லின் கூழுக்குள்ளேயே விடுவது என்று வழி மாற வேண்டும்.

மொத்த அளவைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீத மருந்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி., மொத்தம் 500 மி.கி. என்பது வளர்ந்தவர்களின் உச்சவரம்பு. பலர் கிலோவுக்கு 4.4-லேயே நிறுத்திக்கொள்கிறார்கள், குழந்தைகளுக்கு நானும் அப்படித்தான். 15 கிலோ குழந்தைக்கு அது 3.3 மி.லி.தான். இரண்டு சிரிஞ்ச் முழுதாகப் போட்டாலே எல்லை தாண்டிவிடும். இதய நோயாளிக்கு அட்ரினலின் 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் 1:80,000 கலவையில் (80,000 மி.லி.க்கு ஒரு கிராம் அட்ரினலின்) அது 3.2 மி.லி.

தட்டில் நிறமில்லாத திரவங்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். சலைன், பல் வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட், ஸ்பிரிட், மருந்து எல்லாம் ஒரே மாதிரி சிரிஞ்சில் இருக்கும். மருந்துக்குப் பதிலாக ஹைப்போகுளோரைட்டையும் ஃபார்மலினையும் ஊசியாகப் போட்ட விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிரிஞ்சில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நோயாளி தரப்பிலும் ஒரு தவறு உண்டு. "ஊசி போடணும்னு காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல டாக்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். முழு மயக்கத்துக்கு உள்ள விதியை மரக்க வைக்கிற ஊசிக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் ஊசியைப் பார்த்ததுமே தலை சுற்றி விழுவார்கள். உடனே நாற்காலியைப் படுக்கையாக்கிக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். பிறகு அவர் வாழ்நாள் முழுக்க "எனக்குப் பல் ஊசி ஒத்துக்காது" என்று சொல்லித் திரிவார். சில டாக்டர்களும் விசாரிக்காமல் அட்டையில் அலர்ஜி என்று சிவப்பில் எழுதிவிடுவார்கள். லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. தடிப்பு வந்ததா, மூச்சு இழுத்ததா, அல்லது வெறும் படபடப்பும் மயக்கமுமா என்று கேட்டு எழுத வேண்டும்.

குழந்தைகளுக்கு அந்த எலும்புத் துளை தாழ்ந்திருக்கும், பல் கடிக்கும் மட்டத்திலோ அதற்குக் கீழோ. பெரியவர்களுக்குப் போடும் உயரத்தில் போட்டால் தவறும். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அதிகம் தொல்லை தருவது ஊசிக்குப் பிறகு நடப்பதுதான். பல்லின் மரப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும், உதடு மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்தே இருக்கும். குழந்தைக்கு அது வேடிக்கை. கடித்துக் கடித்துப் பார்க்கும். மறுநாள் உதடு வீங்கி, வெள்ளைப் படலம் படர்ந்து வரும். "ஊசி போட்ட இடத்துல சீழ் வச்சிடுச்சு" என்று அம்மா பதறுவார், பக்கத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக்கும் வாங்கிக் கொடுத்திருப்பார். பெரும்பாலும் அது சீழ் இல்லை, கடித்த புண் ஆறும்போது படரும் படலம். ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். அதனால் இப்போதெல்லாம் ஊசி போட்டதும் குழந்தையின் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு பஞ்சுச் சுருள் வைத்து, அம்மாவிடம் மணி சொல்லி அனுப்புகிறேன்: "இப்ப பதினொண்ணு. நாலு மணி வரைக்கும் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். பசிச்சா ஆறின பால் கொடுங்க. உதட்டக் கடிக்கிறானான்னு பாத்துக்கிட்டே இருங்க, தூங்க வச்சிடாதீங்க."