ஆட்ட வாழ்க்கையை முடித்துவிடும் காயம்: யார் பணம் தர வேண்டும், அதை எப்படி உறுதிசெய்வது

2012 ஜூலை 9 அன்று இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சர் ஹெல்மெட் இல்லாமல் ஸ்டம்புகளை ஒட்டி நின்றிருந்தார். இம்ரான் தாஹிரின் சுழல்பந்து ஸ்டம்பைத் தகர்க்க, அதன்மேல் இருந்த சிறு மரத்துண்டான பெயில் எகிறிப் பவுச்சரின் இடக் கண்ணில் பாய்ந்தது. அந்த ஒரு பந்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. பந்து வீசியவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். மட்டையாளர் விதிப்படி ஆட்டமிழந்தார். பெயில் எப்போதும் போல விழுந்தது. தவறு யாருடையது என்று கேட்டால் இங்கே விடையே கிடையாது. ஆனால் இனி அவருடைய பிழைப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அதற்கு ஒரு விடை இருந்தே ஆக வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரரின் உழைப்பை வைத்து நுழைவுச்சீட்டும் ஒளிபரப்பு உரிமையும் விற்றுச் சம்பாதிப்பவர்கள் யாரோ, அட்டவணையையும் பயிற்சிச் சுமையையும் தீர்மானிப்பவர்கள் யாரோ, அவர்களே முதலில் தர வேண்டும்; தவறை நிரூபிக்கும் பாரம் அடிபட்டவர் தலையில் விழக் கூடாது. இது நடக்காத காரியம் அல்ல. ஜெர்மனியில் சம்பளம் பெறும் ஆட்டக்காரர்கள் மற்ற ஊழியர்களைப் போலவே சட்டப்படியான விபத்துக் காப்பீட்டுக்குள் வருகிறார்கள். அதற்கான தொகையை அவர்களைப் பணிக்கு வைத்திருக்கும் கழகம் (கிளப்) கட்டுகிறது. பிரேசிலில் பெலே பெயரால் அழைக்கப்பட்ட 1998-ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டு ஊதியத்துக்குக் குறையாத தொகைக்குக் கழகமே ஆட்டக்காரரைக் காப்பீடு செய்ய வேண்டும் என்றது. ஸ்பெயினின் 1985-ஆம் ஆண்டு ஆணையின்படி, ஆட்டத்தால் வந்த காயம் நிரந்தர இயலாமையில் முடிந்து ஒப்பந்தம் அறுந்தால், குறைந்தது 6 மாத ஊதியம் இழப்பீடாகத் தரப்பட வேண்டும். நியூசிலாந்திலோ 1974 முதல் யார் தவறு என்று பார்க்காமலேயே விபத்து இழப்பீடு தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. வேலை செய்ய முடியாமல் போனவருக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்தில் 80 சதவீதம் கிடைக்கிறது. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பெரும்பாலான தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பொதுவான தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

ஆகவே, ஆட்டக்காரரும் அவர் சார்பில் காகிதங்களைப் பார்க்கும் பெற்றோரும் முகவரும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆடப்போகும் இடத்தின் சட்டம் அவரை ஊழியராகக் கருதுகிறதா, தனி ஒப்பந்தக்காரராகக் கருதுகிறதா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது. ஊழியர் என்றால் சட்டமே ஓரளவு துணைக்கு வரும். ஒப்பந்தக்காரர் என்றால், பெரும்பாலும் கையெழுத்திடும் காகிதத்தில் இருப்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தில் எல்லாரும் முதலில் தேடுவது ஊதியத்தை. அதற்கும் முன்னால் தேட வேண்டியது, காயத்தால் ஒப்பந்தத்தை முறிக்கும் பிரிவு. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து மாதிரி ஒப்பந்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிரந்தர இயலாமை ஏற்பட்டால் கழகம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இயலாமை கழகத்துக்காக ஆடியதாலோ பயிற்சி செய்ததாலோ வந்தது என்றால் 12 மாத முன்னறிவிப்பும், வேறு காரணத்தால் என்றால் 6 மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். காயம் எங்கே, எப்படி வந்தது என்ற ஒரே கேள்வி ஆறு மாத ஊதியத்தை முடிவுசெய்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல்.-இல், செய்தியில் வரும் பெரிய ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் உத்தரவாதம் இருப்பதில்லை. எந்த ஆண்டின் ஊதியம் காயம்பட்டாலும் தரப்படும் என்று தனியாக எழுதப்பட்டிருக்கிறதோ, அதைத்தான் நம்பலாம்.

ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கழக மருத்துவர் ஒருவரிடமே அது இருந்தால் அதை ஏற்காதீர்கள்; அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்குச் சம்பளம் தருவது கழகம். உங்கள் தரப்பில் ஒரு மருத்துவர், கழகத் தரப்பில் ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாமவர் என்ற ஏற்பாட்டை எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தக் காயத்துக்கான அறுவைச் சிகிச்சையையும் மறுவாழ்வுப் பயிற்சியையும் கழகமே ஏற்கும் என்ற வரியையும் கேளுங்கள்.

நாட்டுக்காக ஆடும்போது நிலைமை வேறு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2012 முதல் ஒரு காப்பீட்டுத் திட்டம் நடத்துகிறது. தேசிய அணிக்கு ஆடப் போன இடத்தில் அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஒருவர் ஆட முடியாமல் போனால், அதிகபட்சம் ஓராண்டு வரை, 75 லட்சம் யூரோ என்ற வரம்புக்குள் பணம் தரப்படும். அந்தப் பணம் போவது ஊதியம் கொடுத்துக்கொண்டிருக்கும் கழகத்துக்கு. நிரந்தர இயலாமைக்கு அத்திட்டத்தில் இடமில்லை. அழைப்புக் கடிதம் கையில் கிடைத்தவுடன், "நிரந்தர இயலாமைக்கு என் பெயரில் என்ன காப்பீடு எடுத்திருக்கிறீர்கள்?" என்று உங்களை அழைத்த தேசிய விளையாட்டுச் சங்கத்தை ஒரே வரியில் கேட்டு எழுதுங்கள். நாட்டுக்கு ஆடுவதைப் பெருமையாக நினைப்பவர் இதைக் கேட்கக் கூசத் தேவையில்லை.

பாலிசியை வாசிப்பது

"எல்லாம் காப்பீடு செய்திருக்கிறோம்" என்று கழகம் சொல்லும்போது, பாலிசியின் நகலை வாங்கி முதலில் பயனாளி யார் என்று பாருங்கள். பல பாலிசிகள், ஆட்டக்காரரை வேறு கழகத்திலிருந்து எடுக்கக் கழகம் கொடுத்த மாற்றுத் தொகையையும் ஊதியச் செலவையும் காப்பதற்காக எடுக்கப்படுபவை. ஆட்டக்காரர் படுத்துவிட்டால் பணம் கழகத்துக்குப் போகும். அது கழகத்தின் உரிமை, அதில் குறையில்லை. ஆனால் அதை உங்களுக்கான பாதுகாப்பு என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

அடுத்து, இயலாமைக்கு அந்தப் பாலிசி தரும் விளக்கம். "எந்த வேலையும் செய்ய முடியாத நிலை" என்று இருந்தால், முழங்கால் போன ஓட்டக்காரருக்கு ஒரு காசும் வராது. அவரால் மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியும் என்று நிறுவனம் சொல்லிவிடும். "தம் விளையாட்டைத் தொழில்முறையில் ஆட முடியாத நிலை" என்று இருந்தால்தான் அது ஆட்டக்காரருக்கான பாலிசி. இந்த ஒரு சொற்றொடருக்காகப் பிரீமியம் கூடினாலும் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

காயத்தை மட்டும் காக்கிறதா, நோயையும் காக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இங்கிலாந்து மட்டையாளர் ஜேம்ஸ் டெய்லர் 2016-இல் தம் 26-ஆவது வயதில் ஓய்வு பெற்றது பந்து பட்டதால் அல்ல, கண்டறியப்பட்ட ஓர் இதய நோயால். 'விபத்து' என்று மட்டும் எழுதிய பாலிசி இப்படிப்பட்ட நேரத்தில் உதவாது. பல ஆண்டு ஆட்டத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்த இடுப்பு மூட்டையும் அது விபத்தாக ஏற்காது. எல்லாரும் கண்ணால் பார்த்த ஒரே மோதலில் முடியும் வாழ்க்கையைப் போலவே, தேய்மானத்தால் முடியும் வாழ்க்கையும் உண்மையானது; அதையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விலக்குகள் இருக்கும் பக்கத்தைக் கடைசியாக, ஆனால் மிகப் பொறுமையாக வாசியுங்கள். ஒருமுறை அடிபட்ட தோளையோ கணுக்காலையோ காப்பீட்டு நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கம். எந்த உறுப்பு மறுபடி போகும் என்று அஞ்சுகிறோமோ அதுவே காப்பின்றி நிற்கும். அதற்காகப் பழைய காயத்தை மறைக்கவும் கூடாது, மறைத்தது தெரிந்தால் பாலிசி முழுவதுமே செல்லாமல் போகலாம். பெரிய காயம் எதுவும் வருவதற்கு முன், இளம் வயதிலேயே பாலிசியை எடுத்து, இடைவிடாமல் புதுப்பித்து வருவதுதான் இதற்கு வழி. ஊதியம் உயரும்போதெல்லாம் காப்புத் தொகையையும் உயர்த்துங்கள்.

அடிபட்ட நாள்

சிகிச்சை அறையில் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருப்பவரிடம் ஒருவர் படிவத்தை நீட்டுகிறார். "வலி எப்போது தொடங்கியது?" என்ற கட்டத்தில், பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) கேட்டுக்கொண்டே "முன்பும் லேசான வலி உண்டு" என்று எழுதுகிறார். ஆட்டக்காரர் வலியில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திடுகிறார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எட்டு மாதம் கழித்துக் கோரிக்கையை மறுக்கும் கடிதம் வரும்போது, அதில் மேற்கோளாக நிற்பது அந்த ஒரு வரிதான். உண்மையில் முன்பு வலி இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். ஆனால் எந்த நிமிடத்தில், எந்த மோதலில், எப்படி விழுந்தபோது கால் செயலிழந்தது என்பதையும் அதே கட்டத்தில் எழுதச் செய்யுங்கள். படிக்க முடியாத நிலையில் இருந்தால், மறுநாள் கையெழுத்திடுவதாகச் சொல்லுங்கள்.

அன்றைக்கே ஆட்டத்தின் வீடியோவைப் பிரதி எடுத்து வைக்க ஒருவரை அனுப்புங்கள். நடுவரின் அறிக்கை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மருத்துவர் குறிப்பு ஆகிய எல்லாவற்றின் நகலும் கழக அலுவலகத்தோடு உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும். குணமாகிவிடும் என்ற நம்பிக்கையில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தகவல் சொல்வதற்கான கெடு பெரும்பாலும் குறுகியது. நிரந்தர இயலாமைக்கான பணம் பல மாதக் காத்திருப்புக்குப் பிறகே வரும். இரண்டும் வேறு வேறு என்பதை மறந்து, காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு தகவல் சொல்லலாம் என்று இருந்துவிடக் கூடாது.

எவ்வளவு கேட்பது

இழந்தது இந்த ஆண்டு ஊதியம் மட்டும் அல்ல. 2003-இல் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான மான்செஸ்டர் யுனைடெட்டின் இளம் ஆட்டக்காரர் பென் காலெட்டின் கால் எதிரணியினரின் மோதலில் முறிந்தபோது அவருக்கு வயது 18; முதல் அணிக்காக அவர் ஆடியிருக்கவே இல்லை. ஆனாலும் அவர் எந்த நிலைக்கு வந்திருப்பார், எத்தனை வயது வரை ஆடியிருப்பார் என்று நீதிமன்றம் கணக்கிட்டு, 40 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு வழங்கியது. அவருடைய பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே அவர் திறமைக்குச் சாட்சி சொன்னார். பயிற்சியாளரின் மதிப்பீடுகள், தேர்வு அழைப்புகள், மற்றக் கழகங்கள் விசாரித்து அனுப்பிய கடிதங்கள், உங்களோடு சேர்ந்து தொடங்கியவர்களின் இன்றைய ஊதியம் ஆகியவை எல்லாம் பணமாக மாறக்கூடிய காகிதங்கள்.

நீதிமன்றத்துக்குப் போவதென்றால்

காலெட் வென்றார் என்பதால் எல்லாரும் வெல்வார்கள் என்று எண்ண வேண்டாம். 1992-இல் ஒரு மோதலில் முழங்கால் சிதைந்த செல்சி கால்பந்துக் கழகத்தின் தடுப்பாட்டக்காரர் பால் எலியட் தொடுத்த வழக்கு 1994-இல் தோற்றது. பந்துக்காகப் போகும்போது நேரும் பிசகு வேறு, சட்டம் கவனக்குறைவு என்று ஏற்கும் செயல் வேறு. அந்தக் கோட்டை ஒரு நீதிபதி எங்கே போடுவார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மோதியவர்மீது மட்டும் அல்லாமல், அவரைப் பணிக்கு வைத்திருக்கும் கழகத்தின்மீதும் வழக்குத் தொடுங்கள். காலெட் வழக்கில் பொறுப்பேற்றது எதிரணிக் கழகம்தான்.

வழக்குத் தொடுக்கும் முன் எதிராளிக்குக் காப்பீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1991 செப்டம்பரில் கிறிஸ் யூபாங்குடன் மோதிய குத்துச்சண்டையில் மூளையில் அடிபட்ட மைக்கேல் வாட்சன், மேடையருகிலேயே உயிர்காக்கும் சிகிச்சைக்கு உரிய ஏற்பாட்டைக் கட்டாயமாக்கவில்லை என்று பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்து வென்றார். விதிகளை வகுக்கும் அமைப்புக்கும் கடமை உண்டு என்று நிலைநாட்டிய பெருந்தீர்ப்பு அது. ஆனால் அத்தகைய பொறுப்புக்கு வாரியம் காப்பீடு எடுத்திருக்கவில்லை. முடிவில் வாட்சன் 4 லட்சம் பவுண்டுக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கெடுவையும் மறக்காதீர்கள்: இங்கிலாந்தில் உடற்காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும், மற்ற நாடுகளில் கெடு வேறுபடும்.

பெரும்பாலான விவகாரங்கள் தீர்ப்புக்கு முன்பே சமரசத்தில் முடியும். அப்போது நீட்டப்படும் காகிதத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கும். இருபத்தைந்து வயதில் சிதைந்த முழங்காலுக்கு நாற்பத்தைந்தில் செயற்கை மூட்டு வைக்க நேரலாம். அந்தச் செலவைத் தொகையில் சேர்க்கவோ, தனி விதிவிலக்காக எழுதவோ சொல்லுங்கள். அதற்கு எதிர்த்தரப்பு இணங்கும் வரை, வழக்கறிஞர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கையெழுத்திடாதீர்கள்.